கழிவுக் கடதாசியில் ஒரு கிணறு

மாலை ஐந்து மணிக்குப் பின் எங்கள் ஒழுங்கைகளில் நடந்து சென்றால் ஒரு புகைமணம் வரும். முற்றத்தைக் கூட்டி, குப்பையை வளவின் மூலையில் குவித்து நெருப்பு வைக்கும் மணம் அது. எங்கள் பாட்டிமார் காலத்தில் எரிந்தவை மாஞ்சருகும் பலாச்சருகும். இன்று அவற்றோடு சொப்பிங் பையும், பிஸ்கற் உறையும், பிள்ளைகளின் பழைய கொப்பிகளும், கடையில் சுற்றித் தந்த பேப்பரும் சேர்ந்து எரிகின்றன. அந்தப் புகையைப் பக்கத்து வீட்டுக் குழந்தையும் சுவாசிக்கிறது. அந்தச் சாம்பல் மழையோடு கரைந்து நிலத்துக்குள் இறங்குகிறது. அதே நிலத்தின் கீழிருந்துதான் நாம் குடிநீர் அள்ளுகிறோம்.

தெல்லிப்பழையில் பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்களோடு வேலை செய்பவள் நான். சென்ற ஆண்டு பதினொரு பெண்கள் சேர்ந்து, எரிப்பதற்கென்று குவித்திருந்த கடதாசியைக் கொண்டு ஒரு காரியம் செய்தார்கள். அதை இந்த இதழின் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அது பெரிய சாதனை என்று சொல்லமாட்டேன். ஆனால் கையில் காசில்லாதவர்களும் ஊருக்கு ஒரு நல்ல செய்தியைச் சொல்லலாம் என்பதை அது எனக்குக் காட்டியது.

கிணறும் குப்பையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்கி நிற்கிறது. கிணறு வெட்டி அதைத்தான் ஆண்டு முழுவதும் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். மண்படை மெல்லியது, கல்லிலோ வெடிப்புகள் பல. ஆதலால் மேலே கொட்டுவது வடிபடாமலே விரைவில் கீழே போய்விடும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்திலும் அதை அண்டிய ஊர்களிலும் கிணற்று நீரில் எண்ணெய் கலந்திருந்த விடயம் எவ்வளவு பெரிய துன்பமாயிற்று என்பதை நாம் மறக்கவில்லை. அந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் தீர்ப்பு வந்தது. நிலத்தடி நீர் ஒருமுறை கெட்டால் அதைத் திருத்துவது எளிதல்ல என்பதை அயலூரின் அனுபவம் எங்களுக்குக் கற்பித்தது.

குப்பை எரிப்பதற்கு எதிராகச் சட்டமும் இருக்கிறது. 2017 சித்திரையில் கொழும்பின் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் சோறு சுற்றும் பொலித்தீன் தாள், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி முதலியன தடை செய்யப்பட்டன. விழாக்களில் பொலித்தீன் அலங்காரம் செய்வதும், பொலித்தீன், பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் அந்தத் தடைக்குள் அடங்கும். ஆனால் வர்த்தமானியில் வந்தது எங்கள் வளவு மூலைக்கு வந்து சேரவில்லை. அறிவித்தல் பலகையைப் படித்துத் திருந்துபவர் சிலரே. கண்ணால் கண்டு மனம் மாறுபவர் பலர்.

கடதாசியின் அருமை எங்களுக்குத் தெரியும்

தெல்லிப்பழை படிப்புக்குப் பெயர்போன ஊர். 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை தொடங்கிய மகாஜனக் கல்லூரியும் யூனியன் கல்லூரியும் இங்குதான் உள்ளன. படிப்பு உள்ள ஊரில் கடதாசியும் நிறைய இருக்கும். ஆண்டு முடிவில் எத்தனை கொப்பிகள் அடுப்புக்குப் போகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இதே கடதாசிக்கு நாம் ஏங்கிய காலமும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகி வந்ததை அம்மாமார் சொல்வார்கள். 2006 ஆவணியில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பென்சிலால் எழுதிய குறிப்பை அழித்துவிட்டு அதே தாளில் மறுபடி எழுதினோம். 2022 பங்குனியில் கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அருமையாயிருந்த பொருள் மலிந்ததும் நெருப்புக்குப் போகிறது. இந்த மறதி மனிதருக்கு இயல்பு போலும்.

பிற இடங்களில் நடந்தவை

2008ஆம் ஆண்டு பிரான்சில், உலக வனசீவராசிகள் நிதியத்துக்காகப் போலோ கிராஞ்சியோன் என்ற கலைஞர் கடதாசிக்கூழால் 1600 பண்டாக் கரடிகளைச் செய்தார். காட்டில் அப்போது எஞ்சியிருந்ததாகக் கணிக்கப்பட்ட பண்டாக்களின் தொகையும் அதுவே. அவற்றைப் பொதுச் சதுக்கங்களில் வரிசையாக வைத்தார்கள். 1600 என்று எழுதினால் அது ஓர் இலக்கம். ஒரே சதுக்கத்தில் எல்லாவற்றையும் சேர்த்துக் காணும்போது, 'உலகம் முழுவதற்கும் இவ்வளவுதானா?' என்ற கேள்வி தானாக எழும். அந்தக் கடதாசிப் பண்டாக்கள் பின்னர் ஹொங்கொங், சியோல், பாங்கொக் முதலிய நகரங்களுக்கும் சென்றன.

கரிபியன் தீவு நாடான ஹெயிட்டியில் ஜக்மெல் என்றொரு நகரம் உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் வீதித் திருவிழாவுக்கு அங்குள்ளவர்கள் ஆளுயர விலங்குகளையும் முகமூடிகளையும் செய்கிறார்கள். அவர்களுடைய மூலப்பொருள் வெறும் சீமெந்துப் பைக் கடதாசி. களிமண் அச்சின் மேல் அதைப் படைபடையாக ஒட்டிக் காயவிட்டுக் கழற்றி எடுக்கிறார்கள். 2010 தை மாதப் பூமியதிர்ச்சி அந்த நகரத்தையும் இடித்துப் போட்டது. அதன் பின்னும் அந்தக் கலை அழியவில்லை.

நமக்கு இன்னும் அருகே, இந்தியாவின் பீகார் மாநிலத்தில், மதுபனி மாவட்டத்துப் பெண்கள் பழைய பத்திரிகைகளை ஊறவைத்து இடித்துப் பொம்மைகளும் பாத்திரங்களும் செய்கிறார்கள். அவர்களுள் ஒருவரான சுபத்ரா தேவி சிறு வயதில் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். 2023இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. வீட்டு முற்றத்தில் உரலோடு தொடங்கிய கைவேலை அது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையிலும் கடதாசிக்கூழ் சேர்கிறது.

இவற்றின் படங்களை எங்கள் பெண்களுக்குக் காட்டினேன். ஒரு அக்கா சீமெந்துப் பைப் படத்தைப் பார்த்துவிட்டு, "உது எங்கட வளவிலயும் கிடக்குதே" என்றார். அவர் சொன்னது உண்மை. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய மக்களின் காணிகள், போர் முடிந்த பின்னர் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. இன்னும் தம் காணிக்குத் திரும்ப முடியாதவர்களும் இருக்கிறார்கள். திரும்பியவர்கள் வீடு கட்டினார்கள். வீடு எழுந்த இடமெல்லாம் சீமெந்துப் பைகளும் குவிந்தன.

எது கழிவு?

முதல் நாள் வேலை, கடதாசியைத் தரம் பிரிப்பது. ஒவ்வொருவரும் உரப்பையில் கட்டிக்கொண்டு வந்ததை ஓலைப்பாயில் கொட்டினோம். கொப்பிகள், பழைய பத்திரிகைகள், கல்யாண அழைப்புகள், மருந்துப் பெட்டிகள், சீமெந்துப் பைகள் எனப் பலவும் இருந்தன.

அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா மட்டும் தன் பையை அவிழ்க்காமல் மடியில் வைத்திருந்தார். உள்ளே முழுவதும் போட்டோக் கொப்பிகள். காணாமற்போன மகனுக்காக அவர் நிரப்பிய படிவங்கள் அவை. 2010இல் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது, 2013இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது, 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்தது என எல்லாவற்றிலும் இரண்டு, மூன்று பிரதிகள். அவற்றோடு கடிதங்களும், அங்குமிங்கும் போய்வந்த பஸ் ரிக்கற்றுகளும் நூலால் கட்டிக் கிடந்தன.

"பிள்ளை, உதுகளையும் ஊறப் போடுறதோ?" என்று கேட்டார்.

அவர் அதைக் கோபத்தோடு கேட்கவில்லை. அலுத்துப்போய்க் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. பக்கத்திலிருந்த அக்காதான், "உது குப்பை இல்லையம்மா, உங்கட கையில இருக்கிற சாட்சி" என்று சொல்லிப் பையை வாங்கிக் கட்டுகளை அவிழ்த்தார். எல்லோரும் சுற்றி இருந்து தாள் தாளாகப் பார்த்தோம். கையெழுத்தும் திகதியும் முத்திரையும் உள்ளவை ஒரு பக்கம். பற்றுச்சீட்டுகள் ஒரு பக்கம். நிரப்பாமல் எஞ்சிய வெற்றுப் படிவங்கள் இன்னொரு பக்கம். நேரம் மதியத்தைக் கடந்துவிட்டது. எவரும் எழும்பவில்லை. அந்தப் பதினொரு பேரில் பலருடைய வீட்டிலும் இப்படியொரு பை உண்டு.

கடைசியில் அந்த அம்மா வெற்றுப் படிவங்களையும் பஸ் ரிக்கற்றுகளையும் எடுத்து ஊறவைக்கும் வாளிக்குள் போட்டார். "நான் அலைஞ்ச அலைச்சல் உதுக்குள்ள போகட்டும். மற்றதை வைச்சிருக்கிறன்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. எந்தக் கடதாசியையும் இருவர் பார்த்த பின்னரே தண்ணீரில் போடவேண்டும். காணி உறுதி, பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள், முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டு, சிறையிலிருந்து வந்த கடிதம், பழைய புகைப்படம் ஆகியவை எவ்வளவு கிழிந்திருந்தாலும் கழிவல்ல. இந்த ஒரு விதிக்காகவாவது இக்கட்டுரையை எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

கிணறு எழுந்த விதம்

என்ன செய்வது என்று பேசியபோது மாடு, ஆமை, பனைமரம் என்று பலரும் பலதைச் சொன்னார்கள். ஒரு தங்கச்சி, "எங்கட ஊருக்கு வந்து முதல் முதல் என்னத்தைப் பாத்தனாங்கள்? கிணத்தைத்தானே" என்றாள். மீளக்குடியேறியபோது வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை. ஆனாலும் எல்லோரும் முதலில் ஓடிப்போய்க் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தார்கள். பல கிணறுகளில் கல்லும் மண்ணும் குப்பையும் தூர்ந்து கிடந்தன. இறைத்து, தூரெடுத்து, மறுபடி இறைத்துத்தான் தண்ணீர் கண்டோம். எனவே கிணறு என்றே முடிவாயிற்று.

பூவரசந்தடியை வளைத்து மூன்றடி உயரமும் நாலடி அகலமுமான சட்டம் கட்டினோம். சட்டத்துக்கு முட்கம்பி தரலாம் என்று ஒருவர் சொன்னார். "முள்ளுக்கம்பி பாத்தது போதும்" என்று பெண்கள் மறுத்துவிட்டார்கள். சீமெந்துப் பைகளின் உள்ளே இருந்த பிளாஸ்டிக் படையை உரித்து, தூசியை நனைத்துக் கழுவி, கைப்பிடி அளவு துண்டுகளாகக் கிழித்தோம். மரவள்ளி மாவைக் காய்ச்சிய பசையால் நான்கு படைகள் ஒட்டினோம். ஒரு படை நன்றாகக் காய்ந்த பின்னரே அடுத்த படை.

மேற்பூச்சுக்குக் கடதாசிக்கூழ். கொப்பியையும் பத்திரிகையையும் நான்கு நாள் ஊறவைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றி, உரலில் இடித்தோம். ஊறவைத்த வெந்தயத்தையும் அரைத்துச் சேர்த்தோம். ஓட்டை விழுந்த சுளகுக்குத் தன் ஆச்சி இப்படித்தான் கூழ் பூசுவார், பூச்சியும் அரிக்காது என்று ஒரு அக்கா சொன்னார். எங்கேயோ பீகாரில் இருக்கும் கலை என்று நான் படம் காட்டிக்கொண்டிருந்தேன். பாதி வித்தை எங்கள் குசினியிலேயே இருந்திருக்கிறது.

நிறத்துக்குச் சுண்ணாம்பும், செங்கல் தூளும், அடுப்புக் கரியும் போதுமாயிருந்தன. கிணற்றின் உட்புறத்தில், ஒரே ஒழுங்கையில் ஒரே கிழமையில் பொறுக்கிய பொலித்தீன்களைக் கழுவித் தொங்கவிட்டோம். அடியில் ஒரு பழைய முகம் பார்க்கும் கண்ணாடி. "கிணத்துக்குள்ள பாத்தா எங்கட முகம் தெரியவேணும்" என்பது அந்த அம்மாவின் யோசனை.

வீதிக்கு வந்தபோது

செய்து முடிப்பதை விட வீதியில் வைப்பதுதான் கடினமாயிருந்தது. 'புருசன் இல்லாததுகள் றோட்டில நாடகம் போடுதுகள்' என்ற பேச்சு வேலை முடியுமுன்பே காதில் விழுந்தது. இருவர் பின்வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் பிறகு திரும்பி வந்தார், மற்றவர் வரவில்லை. வராதவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தனித்து வாழும் பெண்ணுக்கு ஊர்வாய் எவ்வளவு பாரம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) பொதுப்பணியில் முன்னின்று நடத்திய ஊர் இது. ஒரு பெண் வீதிக்கு வந்து ஊர்க்காரியம் பேசுவது தெல்லிப்பழைக்குப் புதிதல்ல என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

ஆவணி மாதம், துர்க்கை அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சனம் வரும் காலம். வீதியோரம் ஒருவர் தன் வளவு முகப்பைத் தந்தார். கிடுகால் சிறு பந்தல் போட்டுக் கிணற்றை வைத்தோம். 'எட்டிப் பார்க்கவும்' என்று ஒரு மட்டையில் எழுதியதைத் தவிர வேறு அறிவுரை எதுவும் வைக்கவில்லை. சைக்கிளில் வந்த ஒரு ஐயா, "கடதாசியில கிணறு கட்டினா தண்ணி வருமோ?" என்று சிரித்தார். இறங்கி எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் உள்ளே கிடந்த உறைகளை எண்ணத் தொடங்கினார்கள். "இது நான் திண்ட ரொபி" என்றான் ஒரு சிறுவன். பக்கத்துக் கடைக்காரர் மறுநாளே தன் கடை வாசலில் உறைகள் போட ஒரு சாக்கைக் கட்டினார்.

ஊர் முழுவதும் மாறிவிட்டதென்று எழுதினால் அது பொய். நாங்கள் பொலித்தீன் பொறுக்கிய ஒழுங்கையில் எரிப்பது நன்றாகக் குறைந்திருக்கிறது. அங்குள்ள வீடுகளில் கடதாசி வேறு, பொலித்தீன் வேறு, சருகு வேறு எனப் பிரித்து வைக்கிறார்கள். மற்ற ஒழுங்கைகளில் மாலைப் புகை இன்னும் எழுகிறது. மாரி தொடங்கியதும் எங்கள் கிணறு நனைந்து சரிந்தது. பொலித்தீனையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டுக் கூழை வாழையடியில் புதைத்தோம். இந்த ஆண்டும் ஒன்று செய்யவேண்டும் என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள்.

சமூகவியல் படித்த காலத்தில் 'பொதுவெளி' என்ற சொல்லைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். எங்கள் பெண்கள் அந்தக் கிணற்றடியில் நின்று, வந்தவர்களுக்கு விளக்கம் சொன்னபோதுதான் அதன் பொருள் விளங்கியது. நிவாரண வரிசையிலும் அலுவலக வாசலிலும் பெயர் கூப்பிடும்வரை காத்து நின்று பழகியவர்கள் அவர்கள். அன்று ஊர் அவர்களிடம் வந்து கேட்டது.

செய்ய விரும்பும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

• கடதாசி பொறுக்க அறியாத பற்றைக் காணிக்குள் இறங்க வேண்டாம். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள்.

• சீமெந்துத் தூசி தோலையும் மூச்சையும் தாக்கும். மூக்கைத் துணியால் கட்டி, கைக்கு உறை போட்டு வேலை செய்யுங்கள்.

• மினுமினுப்பான, பிளாஸ்டிக் பூசிய தாள்கள் ஊறமாட்டா. கடையில் இயந்திரம் தரும் வழுவழுப்பான பில் துண்டுகளில் இரசாயனப் பூச்சு உண்டு. அவற்றைக் கூழில் சேர்க்க வேண்டாம்.

• கூழில் செய்த பாத்திரத்தில் சமைத்த உணவை வைக்கக்கூடாது. அச்சு மையும் பசையும் கலந்தது அது.

• வெயில் காலத்தில் தொடங்குங்கள். காயாத படையின் மேல் ஒட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

• இதைப் பெரிய வருமானமாக எண்ணி எவரும் கடன் எடுக்க வேண்டாம். முதலில் கையைப் பழக்குங்கள்.

அந்த அம்மாவின் பை

கிணறு முடிந்த பின் எஞ்சிய சீமெந்துக் கடதாசியை ஐந்து படையாக ஒட்டி, பாரம் வைத்து அழுத்தி, தடித்த மட்டையாக்கினோம். அதில் நாடா கட்டிய ஒரு கோப்பு உறை செய்து அந்த அம்மாவிடம் கொடுத்தோம். மகனுடைய கடதாசிகளை ஆண்டு வாரியாக அடுக்கி அதற்குள் வைத்தார். சொப்பிங் பையில் இருந்தபோது வியர்த்து ஒட்டிக்கொண்ட தாள்கள் இப்போது நேராக இருக்கின்றன. அடுத்த விசாரணைக்கு அந்த உறையைத்தான் கொண்டு போனார். அங்கு காத்திருந்த வேறு இரண்டு தாய்மார், இது எங்கே வாங்கியது என்று கேட்டிருக்கிறார்கள். "வாங்கேல்லை, நாங்கள் செய்தது" என்று சொன்னாராம்.

இப்போது எங்கள் குழு கோப்பு உறைகள் செய்யப் பழகி வருகிறது. சகோதரிகளே, இன்று மாலை முற்றம் கூட்டும்போது நெருப்புப் பெட்டியை எடுக்குமுன் அந்தக் குவியலை ஒருமுறை கிளறிப் பாருங்கள். காக்க வேண்டிய கடதாசி அதில் இருக்கலாம். மற்றதை ஒரு பையில் சேர்த்து வையுங்கள். அயலில் நாலு பேர் சேர்ந்தால் அதற்கும் ஒரு பயன் பிறக்கும். உங்கள் கிணற்று நீரும் அதனால் காக்கப்படும்.